சுவருக்கு அந்தப் பக்கத்துக் கேள்விகள்

டீச்சர்,

இன்று காலை கடையில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரைத் திறந்து போட்டு, விட்டுப்போன ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். சூடான கம்பி பட்டதும் மெல்லிசாகப் புகை எழுந்து மூக்கில் ஏறியது. கை தானாக நின்றுவிட்டது.

முதல் முறை என் கடைக்கு வந்தபோது படியிலேயே நின்று மோப்பம் பிடித்தீர்கள். "என்ன அண்ணே, கடைக்குள்ள குங்கிலியம் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டீர்கள். நான் சிரித்து, "இது ஈயம் பத்தவைக்கிற புகை டீச்சர்" என்றேன். "ஈயத்துக்கு ஏது வாசனை? அந்தக் கம்பிக்குள்ள பிசின் வச்சிருப்பாங்க, மரத்துப் பிசின். அதான் இப்படி மணக்குது" என்று சொல்லிவிட்டு, ஏதோ சாதாரண விஷயம் போல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

எனக்கு அது சாதாரண விஷயமாக இல்லை. ஒயரும் தகரமும் தூசியும் தவிர வேறொன்றும் இல்லாத கடை என்று நினைத்திருந்தேன். எங்கேயோ மலையில் நின்ற ஒரு மரம் தினமும் என் மூக்கு வழியாகப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது. அதைக் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. என் படிப்பு அப்படி. பத்தாவது தேறி, ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படிப்பை முக்கால்வாசி முடித்தவன் நான். அந்த முக்காலிலும் பாதியைக் கடைசி பெஞ்சில் தூங்கியே கழித்தவன். இன்றைக்கு இந்த ஆம்ப்ளிஃபயரை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாடிக்கைக்காரர் வந்து திட்டினால் திட்டட்டும்.

அன்றைக்கு நீங்கள் வந்தது வாடகைக்கு மைக் செட் கேட்க. "எத்தனை நாளைக்கு?" என்றேன். காதுகுத்தா, கோயில் விசேஷமா என்று மனசுக்குள் ஓடியது.

"வருஷம் பூரா வேணும் அண்ணே."

"அவ்வளவு நாள் நடக்கிற விசேஷம் எது டீச்சர்?"

"பள்ளிக்கூடம்" என்றீர்கள்.

புதிய முறையில் பாடம் நடத்த யோசனை வைத்திருக்கிற அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசாங்கமே நிதி கொடுக்கப்போகிறது என்று சுற்றறிக்கை வந்திருந்தது. மற்றவர்கள் கம்ப்யூட்டர், பெரிய திரை என்று எழுதி அனுப்பியபோது நீங்கள் கேட்டது ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு மைக்ராஸ்கோப், இரண்டு மூன்று வெப்பமானி. நம் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி வயல். நடவுக் காலத்தில் நம் பிள்ளைகளின் அம்மாக்கள் பாதிப் பேர் அங்கேதான் குனிந்து நிற்பார்கள். சாயங்காலம் மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு பிள்ளை அன்றைக்குப் படித்த ஒன்றைத் தன் வார்த்தையில் மைக்கில் சொல்லும். வயலில் இருப்பவர்கள் கேட்பார்கள். அவர்களுக்குச் சந்தேகம் இருந்தால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பதுதான் மறுநாள் பாடம். இவ்வளவுதான் உங்கள் யோசனை.

"கூம்பு ஸ்பீக்கர் கட்டினா போலீஸ் ஸ்டேஷன்ல கூப்பிடுவாங்க டீச்சர், பாக்ஸ்தான் வைக்கணும்" என்று சொன்னேன். தொழில் தெரிந்தவன் மாதிரிப் பேச அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே இடம் அது. அப்புறம், "இந்த யோசனை எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

உங்கள் ஊர் நாகப்பட்டினம் என்று அப்போதுதான் சொன்னீர்கள். "எங்க பக்கம் காத்து எப்படி, கடலுக்குப் போகலாமா வேணாமான்னு மைக்குலதான் சொல்லுவாங்க அண்ணே. வலை பின்னிக்கிட்டு இருக்கிறவங்க, மீன் அள்ளுறவங்க எல்லாரும் ஒரு நிமிஷம் கையை நிறுத்திக் கேப்பாங்க. ஒரே ஒரு நாள் மட்டும் யாரும் ஒன்னும் சொல்லல." எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. "தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குச் சொல்லணும். அவ்வளவுதான்" என்றீர்கள்.

தஞ்சாவூரில் தேர்வுக்குழு முன்னால் செட்டைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனீர்கள். நான் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினன் வேறு. அந்தப் பதவி எனக்கு எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். குழுக் கூட்டத்துக்கு மைக் கட்டப் போனேன். ஆள் குறைகிறது என்று உட்கார வைத்துவிட்டார்கள். தஞ்சாவூரில் என் செட்டில் உயிரைக் கொடுத்துக் கத்தியும் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. ஒயரைத் தலைகீழாகச் செருகியிருந்தேன். எதிரே வரிசையாக அதிகாரிகள். எனக்கு முதுகெல்லாம் வேர்வை. நீங்கள் மைக்கை ஓரமாக வைத்துவிட்டு வெறும் வாயாலேயே பேசினீர்கள்.

"இதில் புதுமை என்னம்மா? மைக் எல்லா ஊரிலும் இருக்கே" என்றார் ஒருவர்.

"கேள்வி கேக்கத் தெரிஞ்சவங்க வயல்ல இருக்காங்க சார். பதில் தேட நேரம் இருக்கிறவங்க வகுப்புல இருக்காங்க. நடுவுல ஒரு சுவர். அந்தச் சுவரைத் தாண்டத்தான் நிதி கேக்குறேன்."

பக்கத்தில் நின்ற எனக்குப் புல்லரித்தது. ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. நிதி இரண்டு தவணை. முதல் தவணையில் ஆரம்பிக்கலாம். பிறகு ஒரு குழு நேரில் வந்து பார்க்கும். பிடித்திருந்தால் இரண்டாம் தவணை, இன்னும் சில பள்ளிகளுக்கும் இதே முறை. பிடிக்கவில்லை என்றால் அத்தோடு சரி. செட் பீரோவுக்குள் போய்விடும்.

முதல் நாளைப் பற்றி எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது. தொடக்கிவைத்து இரண்டு வார்த்தை அறிவிக்கச் சொல்லி மைக்கை என்னிடம் கொடுத்தீர்கள். எனக்கு மைக்கில் இருப்பது இரண்டே குரல். ஒன்று திருவிழாக் குரல். மற்றது சாவுக் குரல். நம் ஊரில் வேலை நாளில், பட்டப்பகலில் மைக் சத்தம் கேட்டால் ஒரே அர்த்தம்தான். தலைமையாசிரியரும் பெரியவர்களும் எதிரே உட்கார்ந்திருந்த பயத்தில் எந்தக் குரல் வாயில் வரும்? தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, "நமது ஊர், நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பு பயிலும், மாணவி, செல்வி தேன்மொழி அவர்கள்" என்று ஆரம்பித்தேன். தேன்மொழி என் மகள். முழுப் பெயரோடு, 'அவர்கள்' போட்டு, அந்தக் குரலில்.

மிச்சத்தைக் கேட்க வயலில் யாரும் நிற்கவில்லை. நாற்றுமுடியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கேட் வழியாகச் சிலர், சுவர் ஏறிச் சிலர். எல்லோருக்கும் முன்னால், நடவுக்கு வந்திருந்த எங்கள் தெரு மலர்க்கொடி அக்கா, முழங்கால் வரை சேறு, நெஞ்சில் அடித்துக்கொண்டே. வந்து பார்த்தால் செத்துப்போனவள் மைக் பக்கத்தில் ரிப்பன் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அக்கா அவளைக் கட்டிப்பிடித்து, சட்டையெல்லாம் சேறாக்கி, அப்புறம் என் பக்கம் திரும்பியது.

"அடப்பாவி மைக்கு, பெத்த புள்ளைக்கே இழவு சொல்லுற வாயா ஒனக்கு?"

"அக்கா, நான் வாழ்த்தித்தான்…"

"இதான் ஒன் வாழ்த்தா? நாளைக்கு ஒன்னைய நான் வாழ்த்துறேன் இரு."

தலைமையாசிரியர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். தேன்மொழி மட்டும் என்னைப் பார்த்து, "அப்பா, நீ எக்கோ மட்டும் வை. பேச வேணாம்" என்றாள். நீங்கள் பதறவே இல்லை. சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டு, "வந்தது வந்துட்டீங்க. பாப்பா என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டுப் போங்க" என்றீர்கள்.

சேற்றுக் காலோடு அத்தனை பேரும் நின்று கேட்டார்கள். செடியின் வேரும் மூச்சுவிடும், அதனால்தான் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் செடி அழுகிவிடுகிறது என்று தேன்மொழி சொன்னாள். சொல்லி முடித்ததும் மலர்க்கொடி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டது.

"வேரு மூச்சுவிடணும்னு சொல்லுற. அப்ப எங்க நெல்லு? நட்டதுலேர்ந்து தண்ணியிலதானே நிக்கிது. அது ஏன் அழுகல? நாலு நாள் சேர்ந்தாப்ல நின்னா எங்க காலே வெந்து போவுது, இந்தா பாரு." காலைத் தூக்கி விரல் இடுக்கில் இருந்த சேற்றுப்புண்ணைக் காட்டியது.

தேன்மொழி உங்களைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் உங்களைப் பார்த்தோம்.

"எனக்குத் தெரியாது" என்றீர்கள். தெரியாது என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் யாரிடமும் கேட்டதில்லை. "நல்ல கேள்வி அக்கா. புள்ளைங்க கண்டுபிடிச்சுச் சொல்லுவாங்க."

ஒரு வாரம் பிள்ளைகள் அதே வேலையாக இருந்தார்கள். குளத்திலிருந்து அல்லித் தண்டு கொண்டுவந்து, ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியில் ஊதினார்கள். குமிழி குமிழியாக வந்தது. அப்படியானால் தண்ணீரில் வாழும் செடிக்குள் காற்று போகிற வழி இருக்கிறது. நெல்லுக்கும் இருக்குமா? மலர்க்கொடி அக்கா தன் கையாலேயே ஒரு குத்தைப் பிடுங்கி அலசிக் கொடுத்தது. வேரை பிளேடால் தாள் போலச் சீவி, புது மைக்ராஸ்கோப்பில் வைத்தீர்கள். பிள்ளைகள் பார்த்தார்கள். அக்கா பார்த்தது. அப்புறம், "அண்ணே, நீங்களும் வாங்க" என்றீர்கள்.

நான் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு, "ஒன்னும் தெரியலையே" என்றேன். தேன்மொழி என் இடது கண்ணைக் கையால் பொத்தினாள்.

அப்போது பார்த்தேன். சைக்கிள் சக்கரம். நடுவில் அச்சு, வெளியே வளையம், இரண்டையும் இணைக்கும் மெல்லிய ஆரக்கால்கள். ஆரங்களுக்கு நடுவே ஒன்றுமில்லை. வெற்றிடம். அது வெற்றிடம் இல்லை, காற்று என்றீர்கள். இலையிலிருந்து தண்டு வழியாக வேர் வரைக்கும் அதற்குப் பாதை இருக்கிறதாம். மேலே மூச்சை இழுத்து, சேற்றுக்குள் இருக்கிற காலுக்கு அனுப்புகிற பயிர். பிறந்ததிலிருந்து நெல்லைப் பார்க்கிறேன், நெல்லைத் தின்கிறேன். என் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நிற்கும் ஒவ்வொரு குத்துக்கும் கீழே, ஒவ்வொரு வேருக்குள்ளும், ஒருவரும் கோக்காத இந்தச் சக்கரங்கள் இருந்திருக்கின்றன. தலை நிமிர்த்தி ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தேன். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

மலர்க்கொடி அக்கா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. "எத்தனை நாத்து இந்தக் கையில போயிருக்கும். இதுவா இருந்துச்சு அதுக்குள்ள?" என்றது மெதுவாக. அன்று சாயங்காலம் மைக்கில் பதில் சொல்லும்போது வயல் முழுக்க நிமிர்ந்து நின்று கேட்டது. நான் மாடியில் பாக்ஸ் பக்கத்தில் இருந்தேன். எத்தனையோ கூட்டத்துக்கு மைக் கட்டியிருக்கிறேன். பேசுகிறவர் பேச, கூட்டம் டீக்கடையில் நிற்கும். கேட்கிறவர்கள் இப்படி அசையாமல் நின்று நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. மின்மினி சுடாதா, நண்டு ஏன் பக்கவாட்டில் நடக்கிறது, மேகம் கனம் என்றால் ஏன் விழவில்லை. சில கேள்விகளுக்குப் பதில் கிடைத்தது, சிலவற்றுக்கு இன்னும் கிடைக்கவில்லை. என் மனைவி விஜயா கூட, சோறு வடிக்கும்போது தட்டில் ஏன் உள்பக்கம் வேர்க்கிறது என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கம்பீரமாக மகளைக் கை காட்டினேன். அந்தக் கம்பீரம் உங்களிடம் கற்றது.

நீங்கள் அடிக்கடி லீவு போட ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். முகம் உப்பியிருந்தது. கேட்டால், "ஒன்னுமில்லண்ணே, தூக்கம் பத்தல" என்பீர்கள். பிறகு தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம் என்றார்கள். நான் பார்க்க வந்த அன்று கட்டிலில் சாய்ந்துகொண்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்கு வயல்ல என்ன கேட்டாங்க?"

அப்போதுதான் குழு வரும் தேதி தெரிந்தது. தலைமையாசிரியர் நடுங்கிப்போனார். அவர் நல்ல மனிதர், ஆனால் மேலிடம் என்றால் அவருக்குப் பயம். வகுப்பறைச் சுவரை விடப் பெரிதாக ஒரு ப்ளெக்ஸ் அடிக்கச் சொல்லிவிட்டு, உங்களுக்குப் போன் போட்டார். பக்கத்தில் நான் இருந்தேன். "டீச்சர், நீங்க இல்லாம எப்படி? உங்க உடம்பு தேறினதும் குழுவை வரச் சொல்லி எழுதிடுறேன்" என்றார்.

போனில் உங்கள் குரல் தேய்ந்திருந்தது. "வேணாம் சார். நான் இல்லாத நாள்லதான் அவங்க பாக்கணும். நான் இருந்தா என்னையத்தான் பாப்பாங்க. நான் இல்லாம இது நிக்கலன்னா, நிதி கொடுக்க வேணாம்னு நானே சொல்லுவேன்."

நீங்கள் கேட்ட நிதி உங்களுக்காக இல்லை என்பது அன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. உங்களை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அது நிற்கிறதா என்பதைத்தான் தெரிந்துகொள்ள விரும்பினீர்கள். அதை அந்தக் கட்டிலில் கிடந்துகொண்டே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்த நாள் வந்தது. ஜீப் வந்தது. அதிகாரி ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி போட்டு, சிரிக்காத மனிதராக இருந்தார். ப்ளெக்ஸை ஒரு தரம் பார்த்தார், அப்புறம் அதன் பக்கம் திரும்பவில்லை. நான் உங்களுக்குப் போன் போட்டு, இணைப்பை அறுக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தேன்மொழி மைக் முன்னால் வந்து, சூடும் குளிரும் எப்படிப் பரவுகிறது என்று அன்றைக்குப் படித்ததைச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

அதிகாரி கேட்டார், "நல்லா பேசுற பாப்பா. மனப்பாடம் பண்ணி யார் வேணா பேசலாமே? இதுல கத்துக்கிறது எங்க இருக்கு?"

வழக்கமாக அந்த நேரம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். அன்று வரவில்லை. ரோட்டில் அரசாங்க ஜீப் நின்றதைப் பார்த்து எல்லோரும் குனிந்துகொண்டார்கள். நாற்று ஊன்றுகிற சளக் சளக் சத்தம் மட்டும் கேட்டது. தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார், நான் பாக்ஸைப் பார்த்தேன். சட்டைப் பையில் போன் சுட்டது. டீச்சர், அந்த நிமிஷம் உங்கள் யோசனை மொத்தமும் முடிந்துபோயிற்று என்றே நினைத்தேன்.

அப்போது மலர்க்கொடி அக்கா நிமிர்ந்தது. இடுப்பில் கை வைத்து, யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கத்தியது.

"ஏம் பாப்பா, காலங்காத்தால பம்ப்செட் தண்ணியில காலை வச்சா வெதுவெதுன்னு இருக்கு. மத்தியானம் அதே தண்ணி சில்லுன்னு இருக்கு. தண்ணி மாறுதா, எங்க காலு மாறுதா?"

தேன்மொழி யோசித்தாள். மைக்கில், "தெரியல அத்தை" என்றாள்.

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். ஆனால் பிள்ளைகள் அவரைக் கவனிக்கவே இல்லை. அதற்குள் அவர்களுக்குள் சண்டை. தண்ணிதான் மாறுது என்று பாதிப் பேர், கால்தான் என்று பாதிப் பேர். "வெப்பமானிய எடு." "காலைல பாக்காம இப்ப மட்டும் பாத்து என்ன தெரியும்?" "அப்ப நாளைக்குக் காலைல வந்து பாப்போம்." "நாளைக்கு வரைக்கும் எதுக்கு? காலைத்தானே சந்தேகப்படுறோம், காலையே கேப்போம்." கடைசியாகச் சொன்னது என் மகள். அவள் ஒரு வாளியில் பானைத் தண்ணீர், இன்னொரு வாளியில் வெயிலில் காய்ந்த வயல் தண்ணீர் எடுத்துக்கொண்டு பம்ப்செட் தொட்டிக்கு ஓடினாள். மொத்த வகுப்பும் பின்னால் ஓடியது. வயலும் வரப்பேறி வந்தது.

"யாராவது ஒருத்தர் வாங்க. ஒரு காலு இதுல, ஒரு காலு அதுல" என்றாள். பிள்ளைகள் முண்டினார்கள். "நாங்க வேணாம். எங்களுக்கு விடை தெரியணும்னு ஆசை இருக்கு, பொய்யா சொல்லிருவோம்" என்று தள்ளிவிட்டு, அவள் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள். "சார், நீங்க வாங்க சார். உங்களுக்கு எந்தப் பக்கமும் இல்ல."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றினார். பேண்டைச் சுருட்டினார். இரண்டு வாளியிலும் ஒவ்வொரு காலாக வைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேன்மொழி சொன்னதும் இரண்டு காலையும் எடுத்து ஒன்றாகத் தொட்டித் தண்ணீருக்குள் விட்டார்.

அவர் முகம் மாறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குனிந்து தன் கால்களைப் பார்த்தார். ஒரே தண்ணீர். ஒரே தொட்டி. "இந்தக் காலு சுடுதுங்குது, அந்தக் காலு குளுருதுங்குது" என்றார். அதுவரை பேசிய மொழி வேறு, இது அவர் வீட்டு மொழி.

"அப்ப மாறுனது எது சார்?"

"நான்தான் பாப்பா" என்றார் அவர்.

மலர்க்கொடி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "இத்தனை நாளும் தண்ணியத் திட்டிக்கிட்டு இருந்தேனே" என்றது. வெப்பமானியை வைத்து நாளைக்குக் காலையிலும் மத்தியானமும் அளந்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று பிள்ளைகள் அவர்களே முடிவு செய்தார்கள். அதிகாரி தொட்டியிலிருந்து காலை எடுக்காமல் நின்றார். எனக்கு அந்தப் பிள்ளைகளைப் பார்த்து ஒரு பயம் வந்தது. கோயிலில் திரை விலகும்போது வருமே, அந்த மாதிரிப் பயம். என் வீட்டில் சட்டினிக்குச் சண்டை போடும் பிள்ளைதான் தேன்மொழி.

ஓரமாகப் போய்ப் போனை எடுத்தேன். "டீச்சர், கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அண்ணே. அவரு காலை எடுத்துட்டாரா?"

"இன்னும் இல்ல."

சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாக மாறியது. அடங்கிய பிறகு, "என்னைப் பத்தி யாராவது பேசினாங்களா?" என்று கேட்டீர்கள்.

யோசித்துப் பார்த்தேன். ஒருவர் கூடப் பேசவில்லை. பொய் சொல்லலாமா என்று பார்த்தேன், வாய் வரவில்லை. "இல்லையே டீச்சர். எல்லாரும் தண்ணியிலேயே இருந்துட்டாங்க."

"ரொம்ப நல்லது" என்றீர்கள். அந்த இரண்டு வார்த்தையில் இருந்த நிம்மதியை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. அதுதான் உங்களோடு நான் பேசியதில் கடைசி.

இரண்டாம் தவணைக்கு உத்தரவு வந்தபோது நீங்கள் இல்லை. உங்களை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாங்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் மைக்கைத் தொட யாருக்கும் மனசில்லை. பாக்ஸ் மாடியில் வாய் மூடிக் கிடந்தது. தேன்மொழி என்னிடம்கூட ஒன்றும் கேட்காமல் இருந்தாள். அவ்வளவுதான் போல என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன்.

அப்படிக் கொஞ்ச நாள். பிறகு ஒரு சாயங்காலம் மலர்க்கொடி அக்கா சுவர் மேல் தலையை நீட்டி, "ஏன், பள்ளிக்கூடத்துல இப்ப பாடமே நடக்கலையா? நான் கேட்டது என்னாச்சு?" என்று அதட்டியது. அடுத்த நாள் மைக் பேசியது.

இதெல்லாம் உங்களுக்கு எழுதாவிட்டாலும் தெரிந்திருக்கும். தெரியாத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் சுவாமிமலைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பள்ளிக்கும் இதே நிதி கிடைத்திருக்கிறது, மைக் கட்ட ஆள் வேண்டும் என்று. போய்க் கட்டினேன். ஒயரைச் சரியாகச் செருகினேன், இரண்டு தரம் பார்த்து. நான் ஒன்றும் அறிவிக்கவில்லை. ஒரு சின்னப் பெண் வந்து மைக்கில் பேசினாள். அவள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களை அவளுக்குத் தெரியாது. அங்கே ஆசிரியர் இளைஞர். இந்த முறை எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேட்டேன். "பயிற்சியில சொன்னாங்க சார், எங்கேயோ நல்லா நடந்துச்சாம்" என்றார்.

உங்கள் பெயரைச் சொல்ல வாய் எடுத்தேன். தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் வயலிலிருந்து ஒரு குரல். தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர், வரப்பில் நின்றுகொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"ஏந் தாயி, நாத்தைப் பறிச்சு வேற எடத்துல ஊன்றோம். கொஞ்ச நாளு அது செத்தது மாதிரி மஞ்சளா சாஞ்சு கெடக்கு. அப்புறம் ஒரு நாள் பாத்தா தானா நிமிந்து நிக்கிது. அந்தக் கொஞ்ச நாளும் அது மண்ணுக்குள்ள என்ன பண்ணிக்கிட்டு இருக்கு?"

அந்தப் பெண் வயலைப் பார்த்தாள். எல்லோரும் வயலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர்களுக்கும் அந்தக் கேள்விக்கும் நடுவே நான் நிற்பது போல இருந்தது. எடுத்த வாயை மூடிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் புது நடவு. சில வயலில் சாய்ந்து கிடந்தது, சில வயலில் எழுந்து நின்றது. நடுவில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, வரப்பில் குந்தி, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போகிறவர்கள் வண்டி மக்கர் பண்ணிவிட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

என்ன பண்ணுகிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை டீச்சர். தேடிக்கொண்டிருக்கிறேன்.